கரட்டூர் அரக்கனைக் கொன்றது யார்?

கேட்டுவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை. முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கரட்டூர் என்ற மலைநாட்டு ஊரில் ஒரு பழைய வேதம் இருந்தது. ஆதியில் பூமியை ஆண்ட அரக்கர்களைப் பற்றியது. 'அரக்கன் பேருருவன். விளைந்ததைத் தின்றான். அது தீர்ந்ததும் விளைவித்தவர்களைத் தின்றான். அவனை வெட்டினார்கள். உடல் செத்தது, பசி சாகவில்லை. அது வெட்டியவனுக்குள் புகுந்தது. ஒருநாள் அவன் திரும்பி வருவான்.' அறுவடைதோறும் இதைப் பாடுவார்கள். முதல் வரிக்கு ஊரே குலவையிடும். கடைசி வரிகள் வருவதற்குள் பாதிப் பேர் பந்தியில் இடம்பிடிக்க ஓடியிருப்பார்கள்.

அரக்கன் வந்தால் வெட்டுவதற்கென்றே கோயிலில் ஒரு வாள் இருந்தது. அதை உருவினால், அரக்கன் செத்த பிறகுதான் உறையில் போடவேண்டும். உறையில் போட்டபின் ஊரில் யாரும் யார்மேலும் ஆயுதம் தூக்கக் கூடாது. அரக்கனைக் கொன்றவருக்கு ஊர்க் களஞ்சியத்தின் சாவி. இதுதான் கட்டளை. அந்த வாளைக் காத்துவந்த வீட்டில் மூன்று பேர்: மூத்தவன் செங்கோடன், அவனுக்கு அடுத்தவள் வல்லி, கடைக்குட்டி நாகன். நாகன் ஊர்த்தலைவன் மழவனிடம் குதிரை பார்க்கிற வேலையில் இருந்தான்.

மழை பொய்த்தது. மழவன் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். வல்லியின் ஒரே மகள் புளியங்கொட்டையை மென்றபடியே செத்துப்போனாள். வல்லி அழவில்லை. அழத் தெம்பில்லை போலும் என்று ஊர் நினைத்தது. அவளுக்குள் இருந்ததோ வெறி.

ஊர் முணுமுணுக்கத் தொடங்கியதும் மழவன் ஒரு தந்திரம் செய்தான். மலையிலிருந்து ஒரு நெட்டை மனிதனைக் கட்டி இழுத்துவந்து கோயில் வாசலில் மண்டியிட வைத்தான். மண்டியிட்டும் அவன் தலை மற்றவர்களின் மார்புக்கு மேலே இருந்தது. "வேதம் சொன்ன பேருருவன் இவன்தான். மழையைத் தின்னவனும் இவன்தான்" என்றான் மழவன்.

"சாமி, நான் தேனெடுக்கறவன். எங்க ஆத்தாளும் இப்படித்தான் நெட்டை" என்றான் அந்த மனிதன்.

செங்கோடன் வாளை உருவினான். முதல் வெட்டு தோளில் மாட்டிக்கொண்டது. காலால் மிதித்துப் பிடுங்கி மறுபடி வெட்டினான். தலை உருள்வதற்குள் வாசல்படியெல்லாம் ரத்தம். ஊர் குலவையிட்டது.

செங்கோடன் இடுப்பிலிருந்த உறையில் வாளைப் போடப் போனபோது வல்லி அவன் கையைப் பிடித்தாள். "இருண்ணே. அரக்கன் செத்தது நெசம்னா களஞ்சியம் தொறக்கட்டும்."

"மழை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற மழவன், சொல்லி முடிக்கும்போது ஏப்பம் விட்டான். எந்த நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்று சிலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

"தின்னவன் இவன்தான்" என்று வல்லி அண்ணன் கையிலிருந்த வாளைப் பறித்து மழவன் வயிற்றில் இறக்கினாள். காவலர்கள் பாய்ந்தார்கள். ஊரார் அவர்களைக் கல்லால் அடித்தே கொன்றார்கள்.

சாவி பிணத்தின் இடுப்பிலேயே கிடந்தது. பட்டினி கிடந்த அந்த ஊரில் ஒருவர்கூடக் களஞ்சியத்தின் பக்கம் திரும்பவில்லை. "அவன் வித்து உசுரோட இருக்கு" என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தலைவன் வீட்டுக்கு ஓடினார்கள். முன்னால் ஓடியவள் வல்லி. வாளில் ரத்தம் வழிய ஓடுவது அவளுக்கு இனித்தது. இன்னும் வேண்டும் என்று இருந்தது.

மழவனின் மகள் சேந்தி, ஆறு வயதுக்காரி, குதிரை லாயத்தில் வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தாள். வாசலை மறித்துக்கொண்டு நாகன் வெட்டரிவாளோடு நின்றான்.

"அக்கா, இது குழந்தை."

"என்னுதும் குழந்தைதான்" என்று வல்லி அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய் வாளை ஓங்கினாள். நாகனின் அரிவாள் அவள் வலக்கை மணிக்கட்டில் விழுந்தது. கையும் வாளும் சேர்ந்தே தரையில் விழுந்தன.

நாகன் அரிவாளை எறிந்துவிட்டுச் சேந்தியை அணைத்துக்கொண்டான். வாசலில் கூட்டம் கல்லும் கம்புமாக நின்றது. செங்கோடன் சொன்னான்: "ஒரு வார்த்தை சொல்லு வல்லி. இவனையும் அந்தக் குட்டியையும் இங்கேயே பொளந்துடறோம்."

வல்லி குனிந்து, அறுந்து கிடந்த தன் கையின் விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து வாளை எடுத்தாள். சேந்தியின் கொழுகொழு கன்னத்தைப் பார்த்தாள். தன் மகளின் ஒட்டிய கன்னம் நினைவுக்கு வந்தது. இடக்கை தானாக உயர்ந்தது. அப்படியே அந்தரத்தில் நின்றது.

"உறையைக் குடுண்ணே" என்றாள். வாளை அதற்குள் செருகிவிட்டு மயங்கி விழுந்தாள். கட்டளைப்படி கூட்டம் கல்லையும் கம்பையும் கீழே போட்டது.

அவள் பிழைத்தாள். சாவி யாருக்கு என்று ஊர் மூன்று கட்சியானது. பேருருவனை வெட்டிய செங்கோடனுக்கே என்றனர் சிலர். தின்றவனைக் கொன்ற வல்லிக்கே என்றனர் சிலர். பசி புகுந்த கையை வெட்டிய நாகனுக்கே என்றனர் மற்றவர்கள். நீங்கள் சொல்லுங்கள்: அரக்கனைக் கொன்றது யார்?

விடை: செங்கோடன் கொன்றது ஒரு தேனெடுப்பவனை. அது வெறும் கொலை, வேறு பெயர் அதற்கில்லை. மழவன் தின்றவன்தான், ஆனால் அவன் விழுந்ததும் அரக்கன் சாகவில்லை, ஆள் மாறினான். நாகன் ஒரு குழந்தையைக் காப்பாற்றினான், அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவன் வெட்டியது கையை மட்டும்தான். பசி வல்லிக்குள் அப்படியே இருந்தது, இன்னொரு கையும் இருந்தது, அவள் சொல்லுக்கு ஊரே காத்திருந்தது. அந்த இடத்தில் அதைக் கொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். கொன்றாள். ஆகவே சாவி வல்லிக்கு, மழவனைக் குத்தியதற்காக அல்ல, வாளை உறையில் போட்டதற்காக. நாகனும் அவளுமாக வளர்த்த சேந்தி பெரியவளான பிறகு ஒருமுறை, அரக்கன் எவ்வளவு பெரியவனாக இருந்தான் என்று அவளிடம் கேட்டாள். வல்லி நெல் அளப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "என் உசரந்தான் இருந்தான்."