பதினைந்துக்கு மேல் விழாத பகடை

“பகடை என்னைக் கவுத்துடுச்சு, மெஹர்,” என்றார் கணக்கு வாத்தியார் அம்புரோஸ்.

பத்தாம் வகுப்பில் அவரிடம் முப்பத்தாறு மார்க் வாங்கிய மெஹர்பானுதான் இந்த ஆட்டத்தில் அவருக்குக் குரு.

திண்டுக்கல்லில் அவள் அத்தாவின் பூட்டுக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. நடுவில் மேசை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் வீரர்களாக நடமாடுவார்கள். ஒரு காரியம் முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை முடிவு சொல்லும்.

“என்ன சார் ஆச்சு?”

“போன சனிக்கிழமை ஆட வந்த நாலு பேரையும் கதையில கோட்டை வாசலுக்குக் கூட்டிட்டு வந்தேன். கதவுல பூட்டு. பதினஞ்சுக்கு மேல விழுந்தா திறக்கும்னேன். ஆறு விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“ஃபெயில்னேன்.”

“அப்புறம்?”

“மறுபடி உருட்டச் சொன்னேன். ஒன்பது. மறுபடி ஃபெயில்.”

வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்றரை மணி நேரம் வாசல்லயே நின்னாங்க. கடைசியில பி.டி. மாஸ்டர் சொல்றாரு...” குரலைக் கட்டையாக்கிச் சொல்லிக் காட்டினார். “‘அம்புரோசு, அடுத்த வாரமும் இதே கதவுதான்னா நாங்க கேரம் ஆடப் போயிடுறோம்ப்பா.’”

“அடுத்த வாரம்னா?”

“இன்னிக்குத்தான். நாலு மணிக்கு.”

பள்ளிக்கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. சனிக்கிழமைகளில்தான் நாலு பேர் அவருக்காகப் படியேறினார்கள்.

மணி மூன்று இருபது.

மெஹர் எழுந்தாள். வெளியே போனாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

களுக்.

“மெஹர்?”

“பகடை மேசையில இருக்கு சார். பதினஞ்சுக்கு மேல விழுந்தா திறக்கிறேன்.”

“விளையாடாதம்மா.”

“விளையாடத்தானே வந்தீங்க.”

உருட்டினார்.

“ஏழும்மா.”

“ஃபெயில்.”

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வாத்தியார் மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பாரே, அவள் குரலிலும் அச்சு அசல் அதே இழுப்பு.

கால் மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு மறுபடி உருட்டினார். மூன்று.

“ஃபெயில்.”

மணி மூன்று நாற்பது. இன்றைக்கு என்ன கதை சொல்வது என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை. கதை நோட்டு கீழே, சைக்கிள் பையில்.

“எத்தனை தடவை உருட்டினா திறப்ப?”

“நீங்க அவங்களை எத்தனை தடவை உருட்ட விட்டீங்க?”

“பதினோரு தடவை.”

மறுபடி பகடையைக் கையில் எடுத்தார்.

பதினெட்டு என்று சொல்லிவிடலாம். அவள் என்ன பார்க்கவா போகிறாள்? ஆனால் முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டு பிடித்தவருக்கு நாக்கு புரளவில்லை.

பத்து. ஐந்து. பன்னிரண்டு.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம். உருட்டினார். எண்ணைப் பார்த்தார். அப்படியே கதவின் மேல் விழுந்து இரண்டு கைகளாலும் அறைந்தார்.

“நாலு! வெறும் நாலும்மா! அவங்க வந்துடுவாங்க, திற!”

களுக்.

கதவு திறந்தது.

வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. “நாலுதானே விழுந்துச்சு?”

“ஆமா சார். பூட்டு திறந்துடுச்சு,” என்றாள் மெஹர். “ஆனா நீங்க போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுடுச்சு.”

விலகி நின்றாள். படியில் நாலு பேரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

“யாருப்பா உன்னைய உள்ள வெச்சுப் பூட்டுனது?” என்றார் பி.டி. மாஸ்டர்.

நோட்டை எடுக்கக்கூட நேரமில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பி.டி. மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிப்போட்டு, வாசல் பக்கம் காலை நீட்டிக்கொண்டார்.

“அதே கதவுதானே?”

“அதே கதவுதான்.”

பி.டி. மாஸ்டர் உருட்டினார். இரண்டு.

நாலு முகமும் அம்புரோஸைப் பார்த்தன.

“ஃபெ...”

வாய் பாதியில் நின்றது.

“பூட்டு திறந்துடுச்சு,” என்றார். “ஆனா அந்தச் சத்தத்துல, உள்ள படுத்திருந்தது எந்திரிச்சுடுச்சு.”

“எது?” என்றார் பி.டி. மாஸ்டர், நாற்காலியை மேசைக்கு இழுத்தபடி.