உட்கார மறுத்த முட்டி

மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இசையரசி என்று ஒரு பெண் கோ-கோ ஆடிவந்தாள். ஓடுகிறாளா மிதக்கிறாளா என்று பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். பதிமூன்று வயதில், ஒரே கோடையில், மளமளவென்று உயரம் ஏறியது. கூடவே இடது முட்டிக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பும் வந்து சேர்ந்தது.

"எலும்பு முந்திக்கிட்டு வளர்ந்துடுச்சும்மா. தசைநார் இன்னும் பின்னாடியே வருது, அதான் இழுக்குது" என்றார் டாக்டர். "வளர்ந்து முடிஞ்சா வலியும் போயிடும். அதுவரைக்கும் வலிக்கிறப்போ ஆட்டத்தைக் குறைச்சுக்கோ. குந்தி உட்காராதே."

வளர்வதற்கு ஒரு தண்டனையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தூங்கினால் கனவில் மட்டும் வலிக்காமல் ஓடினாள். மேகமும் மலையும் கீழே போய்க்கொண்டிருந்தன.

அந்த வாரம் ஒரு மாலைப் பயிற்சியின்போது மலையிலிருந்து பனி இறங்கி மைதானத்தில் பரவியது. எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், இசையரசியும்தான். ஓடும்போது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். குந்தினால்தான் உயிர் போனது. முதுகில் யாரும் தட்டுவதற்கு முன்பே விருட்டென்று எழுந்துவிட்டாள்.

விசில் ஒலித்தது. முதுகில் தட்டி 'கோ' சொல்லாமல் எழுந்தால் தப்பு.

"அவசரத்துல அண்டாக்குள்ளேயே கை போகாதுடி!" என்று தோழிகள் சிரித்தார்கள்.

வலிக்காரி என்பதைவிட அவசரக்காரி என்ற பெயர் மேல் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். மறுபடி குந்தினாள். மறுபடி எழுந்தாள். மறுபடி விசில்.

ஜெசிந்தா டீச்சர் அவளை வெளியே கூப்பிட்டார். முப்பதைத் தாண்டாத வயது. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் வாய் தேய்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவர்.

"அவசரமா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் குனிந்து புடைப்பின் மேல் ஒரு விரலை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. இசையரசிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"எத்தனை நாளா?"

"லீவுல இருந்தே, டீச்சர்."

டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். பிறகு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை மட்டும் ஆடிடறேன் டீச்சர். நான் ஒதுங்கினா பர்வீன் வந்துடுவா. அவளும் நல்லா ஓடுறா. அப்புறம் என் இடம் எனக்கு இல்ல."

"அங்க பாரு" என்றார் டீச்சர்.

பனிக்குள் பர்வீன் துரத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்க முடியவில்லை. குந்தியிருந்த ஒருத்தியின் முதுகில் தட்டி "கோ!" என்றாள். அவள் எழுந்து பாய, அவள் விட்டுப்போன இடத்தில் பர்வீன் குந்தினாள். பனி இன்னும் கொஞ்சம் இறங்கியது. யார் ஓடுகிறாள், யார் உட்கார்ந்திருக்கிறாள் என்றே தெரியவில்லை. "கோ, கோ" என்ற குரல்கள் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டன.

"பர்வீன் என்ன செஞ்சா?"

"கோ கொடுத்தா டீச்சர்."

"அப்புறம்?"

"உட்கார்ந்துட்டா."

"ஆட்டத்தை விட்டே போயிட்டாளா?"

இசையரசி பனிக்குள் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கசந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். பிறகு நொண்டி நொண்டி வரிசைக்குப் போனாள். முதன்முறையாக நொண்டுவதை மறைக்காமல் நடந்தாள்.

பர்வீனுக்குப் பின்னால் போய் நின்று முதுகில் கை வைத்தாள்.

"கோ" என்றாள்.

பர்வீன் திகைத்துத் திரும்பினாள். "என்னடி?"

"சனிக்கிழமை நீ ஓடு. எனக்கு முட்டி வலி."

ஆட்டம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பர்வீன் மெல்ல எழுந்தாள். காலியான அந்த இடத்தைப் பார்த்தபடி இசையரசி நின்றாள்.

"டீச்சர், கோ கொடுத்தவ உட்காரணுமே. என்னாலதான் குந்த முடியாதே."

"காலை நீட்டி உட்காரு" என்றார் ஜெசிந்தா டீச்சர். "அது வளரட்டும்."