தாலிக்கயித்துல ஒரு புலிக்காசு

காலை நீட்டிப் படு. அத்தை சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். இல்லேன்னா பாதியிலயே நிறுத்திடுவேன், ஆமா.

கடலோரத்துல ஒரு பட்டணம். அந்தப் பட்டணத்துல மருதின்னு ஒருத்தி. அவ புருஷன் கொற்றன் கப்பலேறிப் போறப்ப, அவ கையில ஒரு பொற்காசு குடுத்துட்டுப் போனான். அந்த ஊரு ராசா அடிச்ச காசு, நடுவுல புலி உக்காந்திருக்கும். அவ அதைச் செலவு பண்ணலை. நகை செய்யுற ஆசாரிகிட்ட குடுத்து, காசு மேல சின்னதா ஒரு வளையம் பத்த வச்சு, தாலிக்கயித்துல கோத்துக்கிட்டா. அவன் திரும்பி வர்ற வரைக்கும் அது கழுத்தை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினா கடல்ல அவனுக்கு ஏதாவது ஆயிடும்னு அவளுக்கு ஒரே பயம். ம் கொட்டு.

"ம்."

அப்புறம் அந்த ராசா போய்ச் சேர்ந்தான். புதுசா வந்தவனுக்குப் பழையவன் பேரைக் கேட்டாலே ஆகாது. டம டம டம டம! தெருவெல்லாம் முரசு. "புலிக்காசு வச்சிருக்கிறவங்க எல்லாம் கொண்டாந்து குடுத்துடணும், உருக்கப் போறோம். ஒளிச்சு வச்சா தலை இருக்காது!"

அப்போ தட தடன்னு குதிரையில வந்து இறங்கினான் ஒரு அதிகாரி. அந்த ஊருலயே பொறந்து வளர்ந்த பயதான், உத்தியோகம் வந்ததும் மீசை மேல ஏறிப்போச்சு. சந்தை நடுவுல மருதியைப் பார்த்துட்டான். வெயில்ல காசு பளீர்னு மின்னுது.

"கழட்டு"ன்னான்.

"இது காசு இல்லீங்க, தாலி"ன்னா அவ.

"புலி இருக்குல்ல? கழட்டு!"

"என் கையால கழட்ட மாட்டேன். தலையை வேணா எடுத்துக்கோங்க."

அதிகாரி கூட வந்த சேவகனைப் பார்த்து, "நீ போய் அறு"ன்னான். சேவகன் சரக்குனு கத்தியை உருவினான், ரெண்டு எட்டு வச்சான், நின்னுட்டான். "ஐயா, எனக்கும் பொண்டாட்டி இருக்கா"ன்னு கத்தியைக் கீழ போட்டுட்டான்.

அப்புறம் ஆசாரியை இழுத்தாந்தாங்க. "வளையம் வச்சவன் நீதானே, நீயே வெட்டி எடு!" ஆசாரி கையில கத்திரியைத் திணிச்சாங்க. "உயிரோட இருக்கிறவன் கட்டின தாலியை வெட்டினா, நாளைக்கு எவன் என்கிட்ட தாலி செய்ய வருவான்? என்னால ஆகாது சாமி."

தூங்கிட்டியா?

"இல்லத்தே. அப்புறம்?"

அப்புறம் அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துது. வாளை உருவிக்கிட்டு அவனே வந்தான். மருதி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. அவன் கை கயித்துகிட்டயே வந்துடுச்சு...

"தொடுடா பார்க்கலாம்!"

யாரு? அதிகாரியைப் பெத்தவ! கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு விடுவிடுன்னு வந்து மகன் முன்னால நின்னா. முந்தானையை விலக்கினா. அவ தாலியிலயும் ஒரு புலிக்காசு! தேய்ஞ்சு போய், ஓரமெல்லாம் பல்லுத்தடம்.

"முதல்ல இதை அறு. உங்கப்பன் வீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து அறு. இதைக் கடிச்சுக் கடிச்சுத்தாண்டா உனக்குப் பல்லே முளைச்சுது."

அவன் கை அப்படியே தொங்கிப் போச்சு. குதிரை ஏறி நேரா ராசாகிட்ட போய், "அந்த ஊருல காசே இல்லை மகாராசா, வெறும் தாலிதான் இருக்கு"ன்னுட்டான்.

"அத்தே... கொற்றன் வந்தானா?"

வராம எங்க போவான்? காத்து திரும்பினதும் கப்பலும் திரும்புச்சு. அவன் கரை சேர்ந்துட்டான், கதையும் கரை சேர்ந்துடுச்சு. நீ கண்ணை மூடு.