சடையனுக்குக் குளியல் பொம்மை தேடிய கதை

மஞ்சப்பாறைக் காட்டில் தேனம்மை என்றொரு கரடி இருந்தாள். அவளுக்குச் சடையன் என்று ஒரே ஒரு குட்டி. நடை பழகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

கரடிகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வதில்லை. கையைப் பிடித்து நடத்துவதும் இல்லை. முதுகில் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. முதுகு கனத்தால் பிள்ளை இருக்கிறது, கனக்காவிட்டால் இல்லை. திரும்பிப் பார்க்கிற பழக்கமே கரடிகளுக்குக் கிடையாது. தேனம்மையும் அப்படித்தான் வளர்ந்தாள், அப்படித்தான் வளர்த்தாள்.

அந்தக் கோடையில் சடையன் உடம்பெல்லாம் உண்ணி ஏறிவிட்டது. ராப்பகலாகச் சொறிந்தான். பால் குடிக்கவும் மனமில்லாமல் சுருண்டு கிடந்தான். தேனம்மை பதறிப்போய் வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டாள்.

வெள்ளைச்சாமி ஓர் உண்ணிக்கொக்கு. எருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதுதான் வேலை. காட்டுக்கே வைத்தியர் அவர்தான். நோயாளியின் மேல் இருப்பதையே சாப்பிட்டுவிடுவதால் தனியாக எதுவும் கேட்க மாட்டார்.

அவர் சடையனின் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"ரத்தம் குறைஞ்சு போச்சும்மா! நாக்கு எப்படி வெளுத்துக் கிடக்கு பாருங்க. ஒவ்வொரு உண்ணியும் தலையைச் சதைக்குள்ள விட்டுக்கிட்டு இருக்கு. இப்படியே பிடுங்கினா பிள்ளைக்குத் தோல் பிஞ்சிடும். தினமும் கொஞ்ச நேரம் குளத்துத் தண்ணியில ஊறட்டும். பிடி தளரும். மீதியை நான் பார்த்துக்கிறேன்."

"எப்போ ஆரம்பிக்கலாம், சாமி?"

"இன்னைக்கே! இந்த வாரத்தை விட்டுட்டா பிள்ளை எழுந்து நிக்காது. அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை."

தேனம்மை அதற்குமேல் நிற்கவில்லை. உடனே சடையனை முதுகில் ஏற்றிக்கொண்டு எருமைக்குளத்துக்கு ஓடினாள். தண்ணீரைக் கண்டதுதான் தாமதம், சடையன் போட்ட கூச்சலில் கரையில் இருந்த தவளைகளெல்லாம் குளத்துக்குள் குதித்துவிட்டன.

"மாட்டேன்! மாட்டேன்! தண்ணி கடிக்கும்!"

"தண்ணி கடிக்காதுடா, என் தங்கமே! உன்னைக் கடிக்கிறதைத்தான் அது போக்கும்!"

சடையன் கேட்கவில்லை. அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அப்போது மருதமரத்துக் கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடடா! வெறும் தண்ணியில பிள்ளையை இறக்குவாங்களா? எந்தக் காலத்துல இருக்கே, தேனம்மை?"

குரலுக்குச் சொந்தக்காரி பவுனாத்தாள் என்ற குரங்கு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் தங்கையின் மடியில் போட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிடுவாள். ஆனால் யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. அவள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவளிடம் இருந்த தொந்தரவே.

"விளையாட்டுக் காட்டித்தான் பிள்ளையைக் குளிப்பாட்டணும்," என்றாள் பவுனாத்தாள். "ஒரு பொம்மை வேணும். அதுவும் கையில கிடைச்சதைக் குடுத்துட முடியாது. பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்! தப்பான பொம்மையைக் குடுத்துட்டு அப்புறம் அழுது என்ன லாபம்?"

தப்பான பொம்மை என்ற சொல் தேனம்மையின் மனசில் முள்ளாகத் தைத்தது. பிள்ளைக்குத் தப்பான பொம்மை கொடுத்தவள் என்று நாளைக்குக் காடு பேசிவிட்டால்? அன்றைக்குச் சடையனைக் குளிப்பாட்டவில்லை. பொம்மை தேட ஆரம்பித்தார்கள்.

விஷயம் பரவியது. முதல் ஆளாக வந்தது ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி. மூங்கில் மட்டையை மடித்து, தன் முதுகு முள்ளாலேயே தைத்து, அழகான படகு ஒன்று செய்துகொண்டு வந்திருந்தான். தண்ணீரில் விட்டதும் அது நெளிந்து நெளிந்து போயிற்று. சடையன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

பவுனாத்தாள் படகை எடுத்து விளிம்பைத் தடவினாள்.

"இது கண்ணுல குத்தினா?"

"என் பிள்ளைங்க அஞ்சும் இதோடதான் குளிச்சு வளர்ந்துச்சு!" என்றான் ஊசிமுத்து கோபமாக.

"உன் பிள்ளைங்களே முள்ளு! அதுங்களுக்குக் குத்தினது எப்படித் தெரியும்?"

படகு தள்ளுபடி ஆனது. அடுத்து ஒரு மைனா, சிவப்புக் குண்டுமணிகளைக் கொடியில் கோத்துக் கொண்டுவந்தது. பவுனாத்தாள் அதைப் பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு மணி கழண்டு வாயில போனா போச்சு! கொடி கழுத்துல சுத்தினா அதுவும் போச்சு! எடுத்துக்கிட்டுப் போ!"

தேனம்மை திகிலுடன் தலையாட்டினாள். உலகத்தில் இத்தனை ஆபத்து இருப்பது அவளுக்கு இதுவரை தெரியவே தெரியாது. பவுனாத்தாள் மட்டும் இல்லாவிட்டால் பிள்ளையை இழந்திருப்போம் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காய்ந்த சுரைக்காய் வந்தது. அடியில் ஒரு துளை. தண்ணீரில் அமுக்கி எடுத்து உலுக்கினால் துளை வழியாகச் சர்ரென்று பீச்சும். தேனம்மை ஒரு முறை பீச்சிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இன்னொரு முறை பீச்சினாள். ஊசிமுத்து வாங்கிப் பீச்சினான். மைனா நனைந்துபோய்க் கத்தியது. அன்று சாயங்காலம்வரை குளக்கரையில் ஒரே கும்மாளம். சடையன் ஒரு புதர் நிழலில் படுத்துச் சொறிந்துகொண்டிருந்தான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பவுனாத்தாள் துளைக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தாள்.

"ம்ஹூம். உள்ளே போன தண்ணி முழுசா வெளியே வரலை. நாலு நாள் போனா உள்ளே கறுத்துப்போய்ப் பாசி பிடிக்கும். அந்தத் தண்ணியைத்தான் பிள்ளை வாய்க்குள்ள பீச்சிக்கும்!"

"ஐயையோ! அப்போ என்ன செய்யிறது?"

"துளையே இல்லாத சுரைக்காய் வேணும்."

மூன்றாம் நாள் துளை இல்லாத சுரைக்காய்கள் குவிந்தன. எது பெரிது, எது சிறிது, எது சடையன் வாய்க்குள் போகும், எது போகாது என்று அளக்க வேண்டியிருந்தது. பவுனாத்தாள் ஒவ்வொன்றாகச் சடையன் வாயில் வைத்து அளந்தாள். ஐந்தாவது சுரைக்காய்க்குச் சடையன் அவள் விரலைக் கடித்தான். பிறகு எது நன்றாக மிதக்கிறது என்று பார்க்க எல்லாவற்றையும் குளத்தில் விட்டு, எல்லாவற்றையும் எடுத்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தார்கள்.

இப்படி மூன்று நாளில் காட்டில் இருந்த பொம்மைகளெல்லாம் குளித்தன. சடையன் மட்டும் குளிக்கவில்லை.

வெள்ளைச்சாமி பறந்து வந்து இறங்கினார்.

"பிள்ளை குளிச்சாச்சா அம்மா?"

"பொம்மை பார்த்துக்கிட்டிருக்கோம், சாமி."

"பொம்மைக்கு உண்ணி இல்லையேம்மா!"

தேனம்மைக்குச் சுருக்கென்றது. சடையனைப் பார்த்தாள். காது மடலில் உண்ணிகள் திராட்சை மாதிரி உப்பியிருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. "நாளைக்குக் காலையில கட்டாயம் இறக்கிடுறேன், சாமி!" என்றாள். அந்த நேரத்தில் அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

நான்காம் நாள் காலையில் சடையனை முதுகில் ஏற்றிக்கொண்டு குளக்கரைக்கு வந்தாள். பவுனாத்தாள் தயாராக நின்றாள். தேறிய சுரைக்காய்களை ஒரு பிரம்புக் கூடையில் நிரப்பி வைத்திருந்தாள்.

"இந்தக் கரை வேண்டாம். சேறு. அந்தப் பக்கம் மணல் இருக்கு. அங்கே போய், எந்தச் சுரைக்காயைச் சடையன் முதல்ல தொடுறான்னு பார்ப்போம். அவன் தொடுறதுதான் அவனுக்கு ஏத்த பொம்மை. கூடையை யாரு தூக்குறது? உன் முதுகுதான் அகலம்."

தேனம்மை சடையனைப் புல்லில் இறக்கினாள். பவுனாத்தாள் கூடையை அவள் முதுகில் ஏற்றி, கொடியால் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மூன்று நாளில் இளைத்துப் போயிருந்த சடையனும் அந்தக் கூடையும் ஏறக்குறைய ஒரே கனம்.

"பச்சையா இருக்கிற சுரைக்காய் நல்லதா, பழுப்பு நல்லதா?" என்று கேட்டாள் பவுனாத்தாள்.

"பழுப்பு தண்ணியில தெரியாதே?" என்றாள் தேனம்மை.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்!"

பேசிக்கொண்டே இருவரும் நடந்தார்கள். முதுகு கனத்தது. கனத்த முதுகு, பழகிய முதுகு. தேனம்மைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பாதி தூரத்தில் தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நடந்தாள். பவுனாத்தாள் கரையோரக் கிளைகளில் தாவிக்கொண்டே வந்தாள்.

"பயப்படாதேடா கண்ணு, அம்மா இருக்கேன்!" என்று தேனம்மை தோளுக்கு மேலாகச் சொன்னாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

கூடை கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

புல்லில் இருந்த சடையன் அம்மா போவதைப் பார்த்தான். "அம்மா!" என்றான். பவுனாத்தாளின் குரலுக்கு முன்னால் அது எங்கே எடுபடும்? எழுந்தான். விழுந்தான். மறுபடி எழுந்தான். அம்மா தண்ணீரில் இறங்குவது தெரிந்தது. அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். அம்மா இல்லாத கரை என்றால் அதைவிடப் பயம். சடையன் தண்ணீரில் கால் வைத்தான்.

அந்த இடம் எருமைகள் படுத்துப் படுத்துப் பள்ளமாகிப் போன இடம்.

தேனம்மை நடுக்குளத்தில் நின்று, "எனக்கென்னவோ பச்சைதான்னு படுது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எருமை முதுகிலிருந்து வெள்ளைச்சாமி அலறினார்.

"அம்மா! உங்க முதுகுல இருக்கிறது யாரு?"

"சடையன்தான், வேற யாரு?" என்றாள் தேனம்மை.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையைப் பின்னால் விட்டாள். முடி இல்லை. சூடு இல்லை. வழவழவென்று ஒரு சுரைக்காய் கையில் பட்டது.

அவள் போட்ட சத்தம் காட்டையே உலுக்கியது. திரும்பிப் பாய்ந்தாள். பள்ளத்தின் மேல் இரண்டு குமிழிகள் வெடித்தன. தலையைக் கவிழ்த்து முங்கினாள். முங்க முடியவில்லை! முதுகில் இருந்த அத்தனை சுரைக்காயும் சேர்ந்து அவளை மேலே தூக்கிப் போட்டன. ஒவ்வொன்றும் நன்றாக மிதக்கிறதா என்று அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மறுபடி முங்கினாள். மறுபடி தூக்கிப் போட்டன.

"விடு! என்னை விட்டுத் தொலை!" என்று கூடையிடம் கதறினாள். வயிற்றைச் சுற்றிய கொடியைப் பல்லால் கடித்தாள். கொடியோடு தன் தோலும் சேர்ந்து கிழிந்தது. கூடை பிய்த்துக்கொண்டு போயிற்று. தேனம்மை பள்ளத்துக்குள் போனாள். கண் தெரியாத சேற்றில் துழாவினாள். பிடரி அகப்பட்டது.

மேலே வந்தபோது சடையன் அசையவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். "டேய் சடையா! டேய்!" தட்டினாள். தட்டினாள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு ஓர் இருமல். பிறகு அழுகை. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தைத் தேனம்மை தன் பிறவியில் கேட்டதில்லை.

அவள் பள்ளத்தை விட்டு விலகினாள்; கரை ஏறவில்லை. மார்பளவு தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சடையன் அவள் மார்பு முடியைப் பற்றிக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் கிடந்தான். கொஞ்ச நேரம் தேம்பினான். அம்மாவும் தண்ணீரில்தான் இருக்கிறாள் என்பது மெல்லப் புரிந்தது. ஒரு கையை விட்டான். தண்ணீரைத் தட்டினான். அது அம்மா மூக்கில் தெறித்தது. தேனம்மை தும்மினாள். சடையன் இன்னொரு தடவை தட்டினான்.

வெள்ளைச்சாமி சத்தம் போடாமல் தேனம்மையின் தோளில் வந்து இறங்கினார். "அசையாதீங்கம்மா. அப்படியே இருங்க. நல்லா ஊறட்டும்," என்று மட்டும் சொன்னார்.

பவுனாத்தாள் கரையோரம் ஓடி ஓடிச் சுரைக்காய்களைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"தேனம்மை! பார்த்தியா? இத்தனை கலாட்டாவிலும் ஒண்ணுகூட மூழ்கலை! நான் தேர்ந்தெடுத்தது எப்படி?"

தேனம்மை சடையனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் முறையாக அவள் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை.

"ஆமாம் பவுனாத்தா. ஒண்ணுகூட மூழ்கலை. மூழ்கினது என் பிள்ளை மட்டும்தான்."

குளிக்கிற பிள்ளைக்குப் பொம்மை இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆனால் பெற்றவரின் கவனம் பிள்ளையை விட்டுப் பொம்மைக்குப் போய்விட்டால், அந்தக் குறையை எந்தப் பொம்மையாலும் ஈடுகட்ட முடியாது.