மைனா பார்க்காத முதலை

பெரிய ஏரியின் வடகோடியில், ஒரு புங்கமரத்தடியில் மிருகங்களின் பள்ளிக்கூடம் நடந்து வந்தது. முயலோ, கீரியோ, மானோ, யார் வீட்டுக் குட்டியானாலும் அங்கேதான் படிப்பு. முள்ளம்பன்றி தலைமையாசிரியர். சேவல் விளையாட்டு ஆசிரியர். அஞ்சலை என்ற மைனாவுக்குச் செய்தி வாசிக்கிற வேலை.

செய்தி வாசிப்பது என்றால் சும்மா இல்லை. குட்டிகளின் வீடெல்லாம் ஏரியின் தென்கோடியில். பள்ளிக்கு வர இரண்டே வழிதான். ஒன்று மேற்குக் கரை, இன்னொன்று கிழக்குக் கரை. ஏரிக்குள் ஒரு முதலை இருந்தது. மற்ற மாதங்களில் அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். மார்கழி பிறந்துவிட்டால் குளிர் தாங்காமல் கரையேறி வெயில் காயும். இன்றைக்கு இந்தக் கரை என்றால் நாளைக்கு அந்தக் கரை. எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் பெற்றவர்கள் குட்டிகளை அனுப்ப முடியுமா?

அதனால் குளிர்காலத்துக்கென்று பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் மைனா ஏரியை ஒரு சுற்று சுற்றி முதலை கிடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, மரத்தின் உச்சியிலிருந்து, "ஆச்சு சார்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே நிற்கும் சேவல் உடனே மணி அடிக்கும். மணி என்பது கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதன் சத்தம் அடங்கியதும் மைனா செய்தி வாசிக்கும். தண்ணீர் மேல் அந்தக் குரல் தென்கோடி வரைக்கும் கேட்கும். கேட்ட பிறகுதான் குட்டிகள் வாசலைத் தாண்டும்.

"வணக்கம்! இன்றைய செய்திகள்! முதலை மேற்குக் கரையில் வெயில் காய்கிறது. எல்லோரும் கிழக்குக் கரை வழியாக வரவும்! அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இன்று தரப்படும். அழுகிறவர்கள் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வரவும்! கணக்கு ஆசிரியர் கரடிக்குச் சளி. மூன்றாம் வகுப்புக்கு வெயிலில் உட்கார்ந்து பாடம்! மதியம் கொள்ளுச் சுண்டல்!"

சுண்டல் என்றதும் தென்கோடியில் ஒரே கூச்சல் எழும். "செய்தியக்கா வாழ்க!" என்று கீரிக்குட்டிகள் குதிக்கும். மைனாவுக்கு அதைக் கேட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மார்கழியில் குளிரென்றால் குளிர், அப்படியொரு குளிர்! பள்ளி மரத்தின் உச்சியிலிருந்த தன் பொந்துக்கு வெளியே மைனா தலை நீட்டினால் மூக்கு விறைத்தது. ஏரி முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம். ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் சிறகு நனைந்து, உடம்பு நடுங்கிப் போகும்.

ஆனால் முதலை என்னவோ பன்னிரண்டு நாட்களாக ஒரே இடத்தில்தான் கிடந்தது. மேற்குக் கரையில், அதே ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில்.

'காலை வெயில் முதலில் விழுவது மேற்குக் கரையில்தான். அதை விட்டுவிட்டு அது எங்கே போய்விடப் போகிறது?' என்று நினைத்தது மைனா. 'சாயங்காலம் கூடு திரும்பும்போது ஒரு பார்வை பார்த்தால் போதாதா?'

பதின்மூன்றாம் நாள் மைனா பொந்தை விட்டு நகரவே இல்லை. முந்தின நாள் மாலை பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, பொந்துக்குள்ளிருந்தே, "ஆச்சு சார்!" என்றது. கீழே பனியில் நின்ற சேவலுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது. செய்தியும் வாசித்தாகிவிட்டது. குட்டிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

அப்புறம் என்ன? தினமும் அப்படியேதான். சொகுசு பழகிவிட்டால் விடுமா?

முயல் பூவாத்தா மைனாவுக்கு நெருங்கிய சிநேகிதி. அவளுடைய நான்கு குட்டிகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தன. ஒரு நாள் அவள் கேட்டாள், "ஏன் அஞ்சலை, காலையில எதிர்ல நிக்கிற செடியே எனக்குத் தெரியல. இந்தப் பனியில உனக்கு மட்டும் எப்படி முதலை தெரியுது?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "என் கண்ணும் உன் கண்ணும் ஒண்ணா?" என்று சிரித்தது.

"அது சரி தாயி! நீ பார்த்துச் சொன்னாப் போதும். நான் நிம்மதியா பிள்ளைங்களை அனுப்பிட்டுப் புல்லு மேயப் போயிடறேன்" என்றாள் பூவாத்தா.

அப்போதாவது மைனா திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை.

இந்தச் செய்தியைத் தினமும் காது கொடுத்துக் கேட்கிற இன்னொரு ஆளும் இருந்தது. வேறு யார்? அந்த முதலைதான்!

ஒரு நாள் பனி அதிகம். வெயிலே வரவில்லை. முதலை கரையேறாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. மணி அடித்தது. மரத்திலிருந்து குரல் வந்தது. "முதலை மேற்குக் கரையில் வெயில் காய்கிறது!"

முதலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வெயிலே வரல! நான் இங்கே தண்ணியில கிடக்கேன்! யாருடி அங்கே வெயில் காயறது?"

மறுநாள் வேண்டுமென்றே ஏரி நடுவிலிருந்த பாறையில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கும், "முதலை மேற்குக் கரையில்!" என்றுதான் செய்தி.

'ஓஹோ! அம்மா பார்க்காமலே சொல்றாங்களா!' என்று புரிந்துகொண்டது முதலை. 'சாயங்காலம் கூடு திரும்பும்போது பார்க்கிறதோட சரி போல. அப்போ மேற்குக் கரையில முகத்தைக் காட்டினாப் போதும். மிச்சத்தை அவங்களே பார்த்துக்குவாங்க!'

அவசரப்படவில்லை. நல்ல நாளுக்குக் காத்திருந்தது. அந்த நாள் எதுவென்றும் மைனாவேதான் சொல்லிக் கொடுத்தது.

"நாளை நம் பள்ளியின் விளையாட்டு விழா! ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கும் போட்டி! குட்டிகள் அனைவரும் ஒன்றாகச் சேர்ந்து, சீக்கிரமே வந்துவிட வேண்டும்!"

அன்று மாலை முதலை மேற்குக் கரையில் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டது. கூடு திரும்பிய மைனா பார்த்தது. "ம், அங்கேதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு பொந்துக்குள் போனது. விடிவதற்குச் சற்று முன்னால் முதலை சத்தமில்லாமல் ஏரியைக் கடந்து, கிழக்குக் கரையில் பாதையை ஒட்டிய சேற்றில் போய்க் கிடந்தது. வெயில் படாத கரை அது. எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. 'ஒரு நாள்தானே! இரை கிடைச்சா எல்லாம் சரியாப் போயிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டது.

விடிந்தது. "ஆச்சு சார்!" என்றது மைனா. மணி அடித்தது.

"வணக்கம்! முதலை மேற்குக் கரையில் வெயில் காய்கிறது. எல்லோரும் கிழக்குக் கரை வழியாக ஓடி வரவும்! முதலில் வந்து சேரும் அணிக்கு வெல்லக்கட்டி!"

தென்கோடியில் ஹோவென்று சத்தம் எழுந்தது. முன்னால் பூவாத்தாவின் மூத்த மகள் குண்டுமணி. அவளுக்குப் பின்னால் தம்பி தங்கைகள், கீரிகள், மான்குட்டிகள் என்று எல்லாம் வரிசையாகக் கிளம்பிவிட்டன.

அதற்குள் சேவலுக்கு ஒரு ஞாபகம் வந்தது. கயிறு இழுக்கும் போட்டிக்குக் கயிறு வேண்டுமே! மேற்குக் கரையில் நல்ல கொடி உண்டு. முதலையிடம் மாட்டாமல் அலகில் கவ்விக்கொண்டு பறந்து வந்துவிடலாம் என்று போனது. போன வேகத்திலேயே கொடியோடு திரும்பி வந்தது.

"என்ன அஞ்சலை, மேற்குக் கரையில முதலையே காணோம்? சேத்துல அது படுத்த தடம்தான் இருக்கு. காலையில நீ பார்க்கும்போது எந்த இடத்துல கிடந்துச்சு?"

மேற்கே இல்லையென்றால் வேறு எங்கே? மைனா அப்படியே பாய்ந்து பறந்தது.

கிழக்குக் கரையில் பனி இன்னும் விலகவில்லை. கீழே குட்டிகளின் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மைனா தாழப் பறந்தது. பாதை ஓரத்தில், சேற்றில், நீளமாக ஏதோ ஒரு கட்டை. கட்டைக்கு இரண்டு கண்கள் இருந்தன.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? மானம் தடுத்தது! 'சொன்னால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்?' என்று ஒரு நொடி தயங்கியது. பிறகு, "நில்லுங்க! விளையாட்டு விழா இன்னைக்கு இல்லை! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று கத்தியது.

குண்டுமணி நிற்காமலே சிரித்தாள். "போங்க செய்தியக்கா! காலையில செய்தியில அப்படி வரலையே! நாங்க ஏமாற மாட்டோம்!"

"ஐயோ, முதலை இருக்குடீ! முன்னாடி முதலை இருக்கு!"

"முதலை மேற்குக் கரையில இருக்கு அக்கா! நீங்கதானே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னீங்க?"

இன்னும் பத்து எட்டுதான். முதலை வாயைத் திறக்கத் தொடங்கியது.

மைனா தொண்டை கிழியக் கத்தியது. "நான் பார்க்கல! பொய் சொன்னேன்! இன்னைக்கும் பார்க்கல, நேத்தும் பார்க்கல! பொந்துல படுத்துக்கிட்டே சொன்னேன்! நில்லுங்கடீ!"

குண்டுமணி காலை ஊன்றி நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் வந்து விழுந்தார்கள். அந்த நேரத்தில் முதலை பாய்ந்தது. நல்லவேளை, அன்று காலை அது வெயிலா காய்ந்தது? குளிரில் விறைத்துப்போன உடம்பு நினைத்த வேகத்துக்கு வரவில்லை. வாய் மூடியபோது அதில் அகப்பட்டது குண்டுமணியின் இடது காதில் ஒரு துண்டுதான். ரத்தம் கொட்ட, அழுதுகொண்டே, எல்லாக் குட்டிகளும் வந்த வழியே ஓடிப் பிழைத்தன.

விளையாட்டு விழா நடக்கவில்லை. மத்தியானம் தலைமையாசிரியர் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். மைனா ஒன்றையும் மறைக்கவில்லை. பதின்மூன்றாம் நாளிலிருந்து நடந்ததை அப்படியே சொன்னது. சொல்லிவிட்டு அழுதது.

"இவளை வேலையை விட்டுத் தூக்குங்க!" என்று கீரிகளின் அப்பா சீறினார்.

முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டார். "தூக்கிட்டு யாரை வைக்கிறது? அவ்வளவு தூரம் பறந்து பார்க்க நம்மகிட்ட வேற ஆள் இல்லை. அஞ்சலை, நாளைக்கும் நீதான். பார்த்துட்டுச் சொல்லு" என்றார்.

மைனா பூவாத்தாவிடம் போனது. அவள் மகளின் காதில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டிடு பூவாத்தா. நாலு அடி வேணும்னாலும் அடிச்சிடு."

பூவாத்தா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு உன் மேல கோபம் இல்லை அஞ்சலை. பயம்தான் இருக்கு" என்றாள். திரும்பவும் கட்டுப் போடக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே மைனா கிளம்பிவிட்டது. ஒரு சுற்று போதாதென்று மூன்று சுற்று சுற்றியது. முதலையின் மூக்கு தெரிகிற உயரத்துக்கு இறங்கி, கண்ணாலே பார்த்தது. நனைந்த சிறகோடு வந்து உச்சிக்கிளையில் நின்றது. மணி அடித்தது.

"வணக்கம்! முதலை மேற்குக் கரையில் இருக்கிறது. நானே பார்த்தேன். கிழக்குக் கரை வழியாக வரவும்."

தென்கோடியில் சத்தமே இல்லை. ஒரு குட்டிகூட வாசலைத் தாண்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பூவாத்தா மட்டும் தனியாக வெளியே வந்தாள். இரண்டு எட்டு வைப்பாள், நின்று காதைத் தூக்குவாள், மறுபடி இரண்டு எட்டு. அப்படியே கிழக்குக் கரை முழுவதும் நடந்து பள்ளி வரைக்கும் வந்தாள். மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி நடந்து வந்தாள்.

தை பிறந்தது. விளையாட்டு விழாவும் ஒரு நாள் நடந்தது, பொங்கலும் வைத்தார்கள். பள்ளியில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் பனி விலகி மாசி முடிகிற வரைக்கும், ஒவ்வொரு நாளும் ஒரு தாய் முன்னால் நடந்து பார்த்த பிறகே குட்டிகள் கிளம்பின. ஒவ்வொரு நாளும் மைனா சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லி முடித்துவிட்டு, கீழே அந்தத் தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தபடி அது கிளையில் உட்கார்ந்திருக்கும்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிப் பழகியவர், பிறகு பார்த்ததையே சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருக்காது.