சூடம் அணைத்த தெரு

“இந்தத் தடவை நான் ஓட்டுப் போடப் போறதில்ல, தாயி” என்றார் சடையாண்டி.

சொன்ன கையோடு கரட்டு மடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபத்தாறு வயசு. மேடு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாமியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயசு இளையவள். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவர் தேடி வருவது அவளைத்தான். ஏன், எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே கொட்டிவிடுகிற ஆள் அவர்.

கொட்டினார். அவர் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. பிணம் போனால் வயல் சேற்றில் இறங்கித்தான் போகணும். போன ஐப்பசியில் அவர் சம்சாரத்தைத் தூக்கிப் போனபோது முன்னால் பிடித்தவனுக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, அந்த மகராசி முகமெல்லாம் சேறு. இதைச் சொல்லும்போது மனுஷன் அழுதேவிட்டார்.

பாதை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியே மூன்று தேர்தல் ஜெயித்த வேட்பாளர் நேற்றும் வந்திருந்தார். அதே பாதை, அதே பேச்சு. இந்தத் தடவை கூடுதலாக ஒன்று. அவருக்குத்தான் ஓட்டு என்று தெருவே எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணணுமாம். என்ன தைரியம் பாருங்கள். ஊர்ப் பெரியதனக்காரர் என்று சூடத் தட்டைச் சடையாண்டி கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நாற்பது வீடும் சத்தியம் பண்ணிவிட்டது.

“அந்த ஆளுக்குப் போட்டா எம் பொண்டாட்டிக்குத் துரோகம். மாத்திப் போட்டா சாமிக்குத் துரோகம். அலுத்துப்போச்சு தாயி. பேசாம வீட்டுலயே படுத்துக்கிறேன்.”

சாமியம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

“யார் யாரு அணைச்சாங்க, பெரியவரே?”

“எல்லாருந்தான். கண்ணு தெரியாத வீராயி கையைக்கூட நான்தான் பிடிச்சு வச்சேன்.”

“அந்த வேட்பாளர்?”

“எதுத்தாப்ல நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு.”

“அவரு அணைக்கலையா?”

“அவரு எதுக்குத் தாயி அணைக்கணும்? சத்தியம் பண்ண வேண்டியது நாங்கதான…”

சடையாண்டி பாதியில் நிறுத்தினார்.

சாமியம்மா மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சடையாண்டி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மடத்துல சூடம் இருக்குமா, தாயி? நாளைக்கு மறுபடியும் எங்க தெருவுக்கு வர்றாரு.”