கொற்றனோட பாதிப் பல்லு

ஒரு மலையில ஒரு கூட்டம் இருந்துச்சாம். ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி. ம் சொல்லிக்கிட்டே கேக்கணும், சரியா செல்லம்? அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம். பிள்ளைங்க வளந்ததும் முன்பல்லைக் கல்லால ராவி ராவி முள்ளு மாதிரி கூராக்கிடுவாங்க. அவங்களுக்கு அதுதான் அழகு. ஊருக்கே ஒரே அடுப்பு, எல்லாரும் அதுல ஒண்ணா ஆக்கிச் சாப்பிடுவாங்க.

அங்க ஈங்கைன்னு ஒரு பொண்ணு. அம்மா இல்லாத பொண்ணு. அப்பா கீரன்தான் எல்லாம். ஊருக்கே பல்லு ராவி விடுறவரும் அவருதான்.

அப்போ கடக்கரையிலேர்ந்து கொற்றன்னு ஒருத்தன் உப்பு மூட்டையோட மலையேறி வந்தான். உப்பைக் குடுத்துட்டுத் தேன் வாங்கிப் போக வந்தவன், ஈங்கையைப் பாத்தான். உப்பெல்லாம் தீந்துபோச்சு, அவன் மட்டும் ஊருக்குத் திரும்பல.

"ம்."

ஒரு நாள் கொற்றன் கீரன் முன்னால வந்து நின்னான். "மாமா, ஈங்கையை எனக்குக் கட்டிக் குடுங்க."

கீரன் அவன் வாயைத் திறந்து பாத்தாரு. "என்னடா இது, சொரைக்கா விதையை வரிசையா வச்ச மாதிரி? கூராக்கிக்க. அப்பதான் எங்க ஊரடுப்புல உனக்குச் சோறு. அப்பதான் பொண்ணு."

கொற்றனுக்குப் பயம்தான். ஆனாலும் உக்காந்தான். கிர்ர்ர்... பல்லுல கல்லு பட்டதுதான் தெரியும், எந்திரிச்சு ஓடி விறுவிறுன்னு மரத்துல ஏறிட்டான்! ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. ஈங்கை மட்டும் மரத்தடியில போய் நின்னு, "இறங்கி வா, நான் இருக்கேன்ல"ன்னா.

அப்புறம் ரெண்டாவது தடவை. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். கிர்ர், கிர்ர்... பயத்துல வாயை லபக்குன்னு மூடிட்டான். கீரன் விரல் உள்ள மாட்டிக்கிச்சு!

"ஆஆ... விடுடா, விடுடா!"

சிரிக்காத கண்ணு, வந்த தூக்கம் போயிடும்.

அப்புறம் மூணாவது தடவை. இந்த வாட்டி ஓடவும் இல்ல, கடிக்கவும் இல்ல. ஈங்கை கையைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருந்தான். கிர்ர்... கிர்ர்... ஒரு பல்லுல பாதி ஆச்சு. கொப்பளிக்கத் தண்ணி குடுத்தாரு கீரன். சுரீர்னு ஏறுச்சு பாரு கூச்சம்! அவன் சத்தமே போடல. கண்ணு ரெண்டுலேர்ந்தும் பொலபொலன்னு தண்ணி.

ஈங்கைக்கு நெஞ்சு தாங்கல. அவளுக்குப் பல்லு ராவினப்போ அவளும் இப்படித்தான் சத்தமில்லாம அழுதா. அதை அவ யாருகிட்டயும் சொன்னதில்ல.

"போதும்ப்பா. நிறுத்துங்க."

"பாதியில விட்டா எப்படிம்மா? இவனை ஊரடுப்புக்கிட்ட சேக்க மாட்டாங்களே."

"சேக்க வேணாம். நான் தனியா அடுப்பு மூட்டிக்கிறேன்."

சொன்ன மாதிரியே செஞ்சா. கொற்றனையே கட்டிக்கிட்டா. ஊருக்கு வெளிய பாறையோரமா குடிசை கட்டி, கொற்றனும் அவளுமா கஞ்சி காய்ச்சிக் குடிச்சாங்க. ஊருல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கீரனும் வரல. ஆனா பாவம், ஊரடுப்புல கறி மணக்க மணக்க வெந்தாலும் அவருக்குத் தொண்டையில இறங்கல.

"ம்..."

அப்புறம் ஒரு சாயங்காலம் குடிசைக்கு வெளிய சரசரன்னு சத்தம். ஈங்கை எட்டிப் பாத்தா, அப்பா! இலையில கறி மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு.

"என்னப்பா?"

"வயசாச்சும்மா. பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு. ஊருக் கறி கடிபட மாட்டேங்குது. இதை நீங்க வச்சுக்கங்க. எனக்கு உங்க கஞ்சியில ஒரு வாய் ஊத்து."

எலும்பையே கடக்முடக்குன்னு கடிக்கிற மனுசன்! அப்பா சாக்குச் சொல்றாருன்னு ஈங்கைக்குத் தெரியாதா? கண்ணைத் தொடைச்சுக்கிட்டு கஞ்சி ஊத்தினா.

கொற்றன் பக்கத்துல வந்து உக்காந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மாமா?"ன்னு கேட்டான். அந்தப் பாதிப் பல்லு சந்துல காத்து பூந்து, மாமாங்கிறதுக்குள்ள உய்ய்ன்னு ஒரு விசில்! கீரனுக்குச் சிரிப்புன்னா சிரிப்பு, கஞ்சி மூக்குல ஏறிடுச்சு. "இன்னொரு தடவை கூப்பிடுறா"ன்னாரு.

அன்னையிலேர்ந்து அவருக்குச் சாப்பாடு அங்கதான். மூணு பேரும் வயிறார சாப்பிட்டுப் படுத்துட்டாங்க. நீயும் கண்ணை மூடிக்க ராசா, கதை அவ்வளவுதான்.